உட்பிரிவு இரண்டு பி இரண்டு

அந்த அக்காவை நினைத்தால், கணினித் திரையைத் தொடாமல் அதற்கு ஒரு விரற்கடை முன்னால் நின்ற அவருடைய ஆள்காட்டி விரல்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. நுனியில் வெள்ளை டேப் சுற்றிய விரல். கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனியில் பதினான்கு வருடமாக உற்பத்தி லைனில் நிற்பவர் அவர். நாள் முழுக்க ஒயர்களைச் சொருகிக்கொண்டே இருப்பதால் விரல் புண்ணாகாமல் இருக்க அப்படிச் சுற்றிக்கொள்வார்களாம். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, சீருடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் எங்கள் அலுவலகப் படியேறி வந்திருந்தார். கீழே ஜெராக்ஸ் கடை. அந்த மெஷினின் சூடு எங்கள் தரையில் தெரியும். கட்டட அனுமதி விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம் திரையில் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. அக்கா விரலை நீட்டி, "நம்பரு மட்டும் இன்னொரு தபா பாத்துடு கண்ணு," என்றார். "பாத்துட்டேங்க்கா," என்றேன். பார்க்கவில்லை. நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பில் இருந்தேன். அழுத்திவிட்டேன்.

அப்போது நான் சிவிலில் டிப்ளமோ முடித்து நாலு வருடம் ஆகியிருந்தது. இன்ஜினியர் சாரிடம் வரைபடம் போடுவதும், ஆவணங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவதும் என் வேலை. பெரிய கட்டடங்களுக்கு ஆள் வந்து பார்த்து, கோப்பு மேசை மேசையாக நகர்ந்து அனுமதி கிடைக்கும். சின்ன வீடுகளுக்குச் சுயசான்று முறை வந்துவிட்டது. சொல்வதெல்லாம் உண்மை என்று உரிமையாளர் கையெழுத்துப் போட்டு, சரியான அளவில் வரைபடம் ஏற்றினால், அனுமதி உடனே வந்துவிடும். யாரும் மனையை வந்து பார்ப்பதில்லை. மக்களுக்கு அது பெரிய நிம்மதி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்றால், நான் பார்ப்பதுதான் கடைசிப் பார்வை என்பது எனக்குப் புரிந்திருக்கவில்லை.

அக்கா ஏன் அப்படித் திரும்பத் திரும்ப நம்பரைக் கேட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. முதல் நாளே சொல்லியிருந்தார். அவருடைய அப்பா வீடு மெயின் ரோட்டை ஒட்டிய புறம்போக்கில் இருந்தது. கரண்ட் கார்டு இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது, வீட்டு வரி கட்டிய ரசீதுகூட இருந்தது. ரோட்டை அகலப்படுத்த ஆட்கள் வந்தபோது அவர் அப்பா எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப்போய்க் காட்டினார். அதிகாரி ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதுல எதுலயும் நிலம் உங்களுதுன்னு இல்லையேப்பா," என்றாராம். "அவரு ஒண்ணும் கெட்டவரு இல்ல கண்ணு. நல்லாத்தான் பேசினாரு. மறுநாளு வூட்ட இடிச்சிட்டாங்கோ," என்று அக்கா சொன்னபோது குரலில் கோபம் எதுவும் இல்லை. அதனால்தான் வல்லக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், வரன்முறைப்படுத்திய மனையாகப் பார்த்து வாங்கியிருந்தார். பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றி, வில்லங்கச் சான்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல் வைத்திருந்தார். சர்வே எண் நூற்று நாற்பத்தேழு, உட்பிரிவு இரண்டு பி இரண்டு. அவருக்கு அது மனப்பாடம்.

அனுமதி அன்று மாலையே வந்துவிட்டது. மறுநாள் அச்செடுத்துக் கொடுத்தேன். அக்கா தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், கீழே இருந்த க்யூஆர் கட்டத்தைத் தடவிப் பார்த்தார், மடிக்காமல் அட்டைக்குள் வைத்து எடுத்துப்போனார். ஆவணியில் கடைக்கால் போட்டார்கள். வங்கியில் முதல் தவணைக்குப் பெயரையும் கட்டட அளவையும்தான் பார்த்தார்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. நாள்தோறும் ஷிப்ட் முடிந்து மனைக்குப் போய், எழும்பிய அளவுக்குச் சுவரைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நானும் ஒரு கட்டை விரலைத் திருப்பி அனுப்புவேன்.

புரட்டாசி பாதியில் அக்காவே எங்களுக்கு இன்னொரு வாடிக்கையாளரை அனுப்பிவைத்தார். அவருடைய பக்கத்து மனைக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருப்பவர். அக்கா அவரை அண்ணாச்சி என்று அழைப்பார். நாங்களும் அப்படியே அழைத்தோம். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். அவருடைய பட்டாவைப் பார்த்து விவரங்களைப் பதிந்தேன். நூற்று நாற்பத்தேழு, இரண்டு பி ஒன்று. அடுத்த பக்கம் போகாமல் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. இந்த எண்ணுக்கு ஏற்கெனவே அனுமதி வழங்கப்பட்டுள்ளது. கீழே ஒரு பெயர். அக்காவின் பெயர்.

நான் எதுவும் புரியாதவள் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் முதல் நொடியிலேயே புரிந்துவிட்டது. படிவத்தில் உட்பிரிவு எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக விரியும். அதில் நான் ஒரு வரி மேலே அழுத்தியிருக்கிறேன். வரைபடத்தில் இரண்டு பி இரண்டு என்று சரியாகத்தான் போட்டிருந்தேன். ஆனால் அனுமதி ஆணை படிவத்திலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதாவது, அக்கா வைத்திருக்கும் அனுமதி அண்ணாச்சியின் மனைக்கு. அவர் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அனுமதியே இல்லை. தவறான தகவல் இருந்தால் அனுமதி செல்லாது என்று அதே ஆணையின் கடைசிப் பத்தியில் இருக்கும். எத்தனையோ ஆணைகளை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பத்தியை அன்றுதான் முழுதாகப் படித்தேன்.

"என்னம்மா, பதியுதா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"சர்வர் இல்லைங்க," என்றேன்.

"நான் லீவு போட்டுட்டுல்லா வந்திருக்கேன்."

"நாங்களே போட்டுட்டுச் சொல்றோங்க அண்ணாச்சி."

அவர் போனதும் சாரிடம் சொன்னேன். சார் திரையைப் பார்த்தார், எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். விண்ணப்பத்தில் இருப்பது அவருடைய உரிம எண். அந்த வருடம் அதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "வரைபடத்துல கரெக்டா இருக்குல்ல? வீடு முடியட்டும். முடிஞ்ச வீட்டை யாரும் நம்பர் வச்சுப் பார்க்க மாட்டாங்க. அண்ணாச்சிக்கு வேற வழி யோசிப்போம். பொய்யா எதுவும் பண்ணச் சொல்லலை, இப்ப கிளறாதன்னுதான் சொல்றேன்," என்றார். அவர் நல்ல மனிதர். அவர் சொன்னபோது எனக்கு வந்தது நிம்மதிதான், இன்று அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த நிம்மதி மறுநாள் அக்காவின் படம் வரும் வரைதான் நின்றது. ஜன்னல் மட்டத்துக்குச் சுவர் வந்திருந்தது. அதுவரை சந்தோஷமாகப் பார்த்த படங்களை அதன் பிறகு பார்க்கவே பயந்தேன். போன் அதிர்ந்தால் மேசையில் கவிழ்த்து வைப்பேன். ஒவ்வொரு வரிசைச் செங்கல்லும் ஏறும்போது, சொல்லாமல் விட்டதன் அளவும் ஏறிக்கொண்டிருந்தது. மேஸ்திரிக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வேலை நின்றால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தேன். அண்ணாச்சி போன் செய்தால் எடுக்கவில்லை. என் கணவர், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அலுவலகத்தில் அந்த ஆணையின் நகலைத் திறந்து, எண் எப்படியாவது மாறியிருக்காதா என்பது போலப் பார்ப்பேன். இப்படிப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் கம்பெனி பஸ்ஸின் ஹாரன். "வர்ற வியாழக்கெழம தளம் போட்றோம் கண்ணு. நீயும் சாரும் கண்டிப்பா வரணும். பேங்க்லேர்ந்து ஆளு வந்து பேப்பர்லாம் பாத்துட்டு அடுத்த துட்டு குடுப்பாங்களாம்."

பேப்பரெல்லாம் பார்ப்பார்கள். தளம் போட்ட பிறகு தெரிந்தால் இடிக்கச் சொல்வார்களா, அபராதத்தோடு விடுவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் என்னை விரட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை, சாரிடம் சொல்லாமல், ஒரகடம் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தேன். பேச வேண்டிய வாக்கியங்களை ஆட்டோவில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் ஒட்டவில்லை.

அக்கா சுவருக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கையில் ஹோஸ் பைப், தலையில் துண்டு. கணவர் ஒரு கிடங்கில் வாட்ச்மேன், டூட்டிக்குப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வியாழக்கெழமன்னு சொன்னா இன்னிக்கே வந்துட்ட," என்றார். உள்ளே கூட்டிப்போய், கூரையில்லாத அறைகளுக்குள் நின்று, இது சமையலறை, இது பீரோ வைக்கும் இடம் என்று காட்ட ஆரம்பித்தார். இரண்டு அறைகளைப் பார்த்தேன். மூன்றாவதுக்குப் போவதற்குள் சொல்லிவிட்டேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "நம்பரைத் தப்பா போட்டுட்டேங்க்கா. ஒண்ணுன்னு போட்டுட்டேன். ரெண்டு போடணும்," என்றேன்.

அக்கா சாரப் பலகையின் மேல் உட்கார்ந்தார். ஹோஸிலிருந்து தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"பன்னெண்டு நாளா."

"சாருக்கு?"

"தெரியும்."

"நான் கேட்டன் இல்ல," என்றார். ஒரே ஒரு முறைதான் அதைச் சொன்னார். அதன் பிறகு இன்று வரை சொன்னதில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வந்த அனுமதியில் எண்ணைத் திருத்த முடியாது, அதை ஒப்படைத்து ரத்து செய்யவேண்டும், பிறகு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், சுவர் எழும்பிவிட்டதால் உடனடி அனுமதி கிடைக்காது, ஆள் வந்து அளந்து பார்த்த பிறகுதான், எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது. சார் சொன்னதையும் சொன்னேன், வீடு முடியட்டும் என்பதை. அதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான் என்று தோன்றியது. வெளிப்படையாகச் சொன்னால், அவர் அந்த வழியைப் பிடித்துக்கொள்ள மாட்டாரா என்ற ஆசையும் இருந்தது.

அக்கா எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினார். தலைத் துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டே பேசினார். "எங்கப்பா அந்த வூட்ல இருந்த வரிக்கும் பயந்துகினேதான் இருந்தாரு. ரோட்ல ஜீப் நின்னா போதும், சாப்புட்டுகினு இருந்தாலும் எழுந்து நிப்பாரு. எங்களுக்குச் சின்ன வயசுல அது சிரிப்பா இருக்கும். நான் அப்டி எழுந்து நிக்க மாட்டேன்." பிறகு மேஸ்திரிக்குப் போன் போட்டு, நாளையிலிருந்து வேலை இல்லை, வியாழக்கிழமைக்குச் சொன்ன ஜல்லி கலக்கும் மெஷினையும் நிறுத்திவிடுங்கள் என்றார். ஏன் என்று அவர் கேட்டிருப்பார் போல. "பேப்பர் சரியில்ல," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அன்று பிற்பகலே என்னையும் அழைத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனார். மறைமலை நகரில் மாடிப் போர்ஷன். அண்ணாச்சியின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அக்காதான் எல்லாவற்றையும் சொன்னார். தன் மேல் தவறு இருப்பது போல, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அண்ணாச்சி அவரை ஒன்றும் சொல்லவில்லை; என்னைப் பார்த்தார். "அப்போ அன்னைக்கு சர்வர் இல்லேன்னு சொன்னது?" என்றார். நான் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தேன். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே பேசி முடிச்சிருக்கலாம்லா. நாளைக்கு என் மனையில இவிய உரிமை கேட்டா நான் எங்க போயி நிக்க? இவிய கேக்க மாட்டாவ, தெரியும். ஆனா பேப்பருக்கு அது தெரியுமா?" அவர் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாசல் வரை வந்து, தன் விண்ணப்பத்தை வேறு இடத்தில் கொடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

மறுநாள் நடந்ததைச் சொன்னதும் சார் என்னோடு பேசவில்லை. ஆனால் தவறு தங்கள் அலுவலகத்தில் நடந்தது என்று விளக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அனுமதி வழங்கும் அலுவலகத்துக்குச் சாரும் அக்காவும் நானும் போனோம். அங்கிருந்த அதிகாரி அம்மா கடிதங்களை வாசித்துவிட்டு, நாங்களே வந்து சொன்னதால் பிரச்சினை பெரிதாகாது என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஒண்ணு மட்டும் தெளிவா புரிஞ்சிக்கணும்மா. இது ரத்தான தேதியிலேர்ந்து புது ஆர்டர் வர்ற வரைக்கும் அது அனுமதி இல்லாத கட்டடம்தான். ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது," என்றார். சரியாகத்தான் சொன்னார். அக்கா தலையாட்டினார். வெளியே வந்து படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

புது விண்ணப்பத்தைச் சாரே பதிவதாகச் சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பொண்ணே பண்ணட்டும். எங்க தப்பு வரும்னு அதுக்குத்தான் தெரியும்," என்றார். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு கட்டத்தை நிரப்பும்போதும் அவர் பட்டாவைப் பார்த்து எழுத்தெழுத்தாக வாசித்தார். பெயர், தந்தை பெயர், கிராமம், சர்வே எண், உட்பிரிவு. இரண்டு, பி, இரண்டு. பத்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனது. அனுப்பும் பொத்தானை நான் அழுத்தவில்லை. சுட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அழுத்தினார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குன்றத்தூரில் அக்கா குடும்பம் குடியிருந்த வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் என்று முன்பே காலி செய்யச் சொல்லியிருந்தார். தை பிறப்பதற்குள் சொந்த வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கையில் ஒத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது போக இடமில்லை. லைனில் கூட வேலை செய்யும் ஒருவரின் வீட்டில் ஒரு அறையில், பிள்ளைகள் இருவரோடு நெருக்கிக்கொண்டார்கள். அறையில் கொள்ளாத சாமான்களைக் கூரையில்லாத அந்த வீட்டுக்குள்ளேயே வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ஒரு நாள் பெருமழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. சமையலறை என்று அவர் காட்டிய இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். தூண்களிலிருந்து நீண்டிருந்த கம்பிகள் பழுப்பேறி, சுவரில் கோடு கோடாக வடிந்திருந்தது. தார்ப்பாயின் ஒரு முனை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கட்டிவிட்டு வந்தேன். பீரோவின் அடிப்பக்கம் அதற்குள் துருப்பிடித்திருந்தது.

விண்ணப்பத்தின் நிலையைக் காலையிலும் மாலையிலும் பார்ப்பேன். பரிசீலனையில் உள்ளது. மறுநாளும் அதே. அலுவலகத்தில் வேறு விண்ணப்பங்களைப் பதியும்போது ஒரு எண்ணை ஐந்து முறை, ஆறு முறை பார்ப்பேன். ஆறாவது முறை பார்க்கும்போது ஐந்தாவது முறை சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வரும். அக்காவுக்கு நானே போன் செய்து, "இன்னும் வரலைங்க்கா," என்பேன். "சரி," என்பார். அவ்வளவுதான். படங்கள் வருவது நின்றுபோயிருந்தது. பயந்து பயந்து பார்த்த அந்தப் படங்கள் இப்போது வராதா என்று இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் அளக்க வந்தார்கள். சர்வேயர் ஒருவர், கூட ஒரு உதவியாளர். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். முன்பக்கம், பின்பக்கம், வலதுபக்கம் எல்லாம் வரைபடத்தோடு ஒத்துப்போயின. அண்ணாச்சியின் மனையை ஒட்டிய இடதுபக்கத்தில் ஒரு மீட்டர் விட்டிருக்க வேண்டும். உதவியாளர் படித்த அளவு நாலு விரற்கடை குறைந்தது. சர்வேயர் எழுதப்போனவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். அக்கா சுவரோரமாக நின்றிருந்தார். உதடு மட்டும் அசைந்தது, என்ன சொன்னார் என்று தெரியவில்லை. மறுபடியும் குனிந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். எல்லைக் கல்லின் நடுவில் வைக்க வேண்டிய முனையை நான் கல்லின் உள் விளிம்பில் வைத்திருந்தேன். நகர்த்தினேன். "இப்ப சரியா கீது," என்று உதவியாளர் சொன்னார். அவர்கள் போன பிறகு நான் செங்கல் குவியலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அக்கா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

மார்கழி இரண்டாம் வாரத்தில் ஆணை வந்தது. போன் செய்தேன், எடுக்கவில்லை; லைனில் வேலை செய்யும்போது அவர் போன் லாக்கரில் இருக்கும். அச்செடுத்துக்கொண்டு, முதல் ஷிப்ட் விடும் நேரத்துக்கு ஒரகடம் சந்திப்பில் போய் நின்றேன். கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. ஒரே நிறச் சீருடையில் நூறு பெண்கள் நடுவே அவரைத் தேடிக் கண்டுபிடித்துக் காகிதத்தை நீட்டினேன். அங்கேயே, பாலத்தின் நிழலில் நின்று, முதல் வரியிலிருந்து வாசித்தார். மூன்று பக்கம். லாரிகள் போகும்போது காகிதம் படபடக்கும். கட்டை விரலால் அழுத்திக்கொண்டு தொடர்வார். அவர் ஏற வேண்டிய ஷேர் ஆட்டோ இரண்டு போய்விட்டன. கடைசிப் பத்தி வரை முடித்து, மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போய் எண்ணைப் பார்த்தார். "மேஸ்திரிக்குச் சொல்லணும்," என்றார். தையில் தளம் போட்டார்கள். சாருக்கும் எனக்கும் அழைப்பு வந்தது. நான் போகவில்லை.

ஆறு மாதத்தில் நான் சாரிடமிருந்து விலகிவிட்டேன். அவர் போகச் சொல்லவில்லை. இப்போது அதே ஊரில் வேறொரு அலுவலகத்தில் அதே வேலை. இங்கே நான் மெதுவானவள் என்று பெயர். ஒரு விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் ஆவணங்களை மூடி வைத்துவிட்டு, உரிமையாளரையே எண்ணைச் சொல்லச் சொல்வேன். சிலருக்கு எரிச்சல் வரும். அனுப்பிய பிறகும் ஆணை வரும் வரை எனக்குச் சாப்பாடு சரியாக இறங்காது. காலம் போனால் இது குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை; பழகிவிட்டது.

போன மாதம் வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு மனை பார்க்கப் போயிருந்தேன். திரும்பும்போது அந்தச் சந்து வழியாக வந்தேன். அண்ணாச்சியின் வீடும் முடிந்து, வாசலில் கார் நின்றது. அக்காவின் வீட்டு மொட்டை மாடியில் புதுச் சுவர் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தது. மாடி எடுக்கிறார்கள். அனுமதி வாங்கியிருப்பார், அவர் வாங்காமல் ஒரு செங்கல் வைக்க மாட்டார். என்னிடம் வரவில்லை. அது நியாயம்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பப் போனேன். மேலிருந்து அக்கா பார்த்துவிட்டார். "வந்துட்டு அப்டியே போறியா, ஏறி வா," என்றார்.

ஏறிப் போனேன். இரண்டு அறை, பெரியவளுக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று என்று காட்டினார். பேசிக்கொண்டே இருந்தவர், நான் கேட்காமலே, "பிளான் வேற எடத்துல குடுத்துட்டேன்," என்றார்.

"அதனால என்னக்கா."

"நீ தப்பா பண்ணுவன்னு இல்ல. நீதான் ஒய்ங்கா பண்ணுவ, எனக்குத் தெரியாதா. உங்கிட்ட குடுத்தா பேப்பர் வர்ற வரிக்கும் நீ தூங்க மாட்ட. அன்னிக்கு வாந்தி எடுத்தியே, அத பாத்தவ நான். எதுக்கு இன்னொரு தபா."

அக்கா சித்தாளிடம் சிமெண்ட் கலவையைப் பற்றி ஏதோ சொல்லப் போய்விட்டார். கீழே வந்து காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அங்கிருந்தே சொன்னார். சரி என்று படியிறங்க ஆரம்பித்தேன். அந்த இன்னோர் அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பதிந்தது யாராக இருக்கும், எனக்கு அன்று இருந்தது போல அவர்களுக்கும் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்குமோ, உட்பிரிவை ஒழுங்காகப் பார்த்திருப்பார்களா என்ற கவலை நாலாவது படியிலேயே எனக்குத் தொடங்கிவிட்டது. ஆணையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாமா என்று காபி முடியும் வரை யோசித்தேன். கேட்கவில்லை.